ஐந்து பேர், 21 கிலோமீட்டர்: சேர்ந்து ஓடுவதா, அவரவர் ஓடுவதா?

செப்டம்பர் 7, கேள்வி

நண்பர்கள் ஐந்து பேர் நிதி திரட்டும் அரை மாரத்தான் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டோம். இன்னும் 16 வாரம் இருக்கிறது. ஒருவன் 2 மணி நேரத்தில் முடித்துவிடுவான். ஒருத்தி இதுவரை 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதே இல்லை. குழு என்று பெயர் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினால் அது என்ன குழு? கடைசிவரை சேர்ந்தே ஓட வேண்டும் என்பது என் கட்சி. மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அக்கா, நீங்கள் போன வருடம் குழுவாக ஓடியவர்தானே, சொல்லுங்கள்.

செப்டம்பர் 7, இரவு

அவரவர் வேகத்தில் ஓடுங்கள். தொடக்கத்தில் ஒரு படம், முடிவில் ஒரு படம், நடுவில் யாருக்கும் யாரும் கடன்பட்டவர் இல்லை. நாங்கள் அப்படித்தான் ஓடினோம், ஐந்து பேரும் முடித்தோம். 2 மணி நேரத்தில் முடிக்கிறவனை 3 மணி நேரம் ஓட வைப்பது அவனுக்குத் தண்டனை. அவன் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தபடி ஓடுவது அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய தண்டனை.

செப்டம்பர் 8

அந்த 5 கிலோமீட்டர் பெண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், 16 வாரம் தாராளம். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், அதில் ஒன்று நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தை வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போகட்டும், மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைக்கட்டும். 17, 18 வரை வந்துவிட்டால் மிச்சத்தைக் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் பயிற்சி வேகம். ஒரு முழு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

கெடு நேரத்தை முதலில் பாருங்கள். எங்களுக்கு மூன்றரை மணி நேரம். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 57 விநாடி. மணிக்கு 6 கிலோமீட்டர் நடக்கிற ஒருவர் கிலோமீட்டருக்கு 10 நிமிடம் எடுப்பார். விறுவிறுவென்று நடப்பவர் ஆங்காங்கே கொஞ்சம் ஓடினாலே கெடுவுக்குள் வந்துவிடுவார்.

கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று மாற்றி மாற்றிப் போகும் முறையைப் பரப்பியவர் ஜெஃப் காலோவே. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடியவர். அவரே நடக்கலாம் என்று சொன்ன பிறகு நமக்கென்ன வெட்கம்? கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 30 விநாடி (7:30) வேகத்தில் 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று வைத்துப் பாருங்கள். சராசரி 7:54 வருகிறது. 2 மணி 47 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

செப்டம்பர் 9

நேற்று ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நடையை முதல் ஐந்து நிமிடத்திலேயே தொடங்க வேண்டும். களைத்த பிறகு நடந்தால் மறுபடி ஓடக் கால் எழாது. "நான்கூடவா இப்பவே நடக்கணும்?" என்று ரோஷம் வரும். அந்த ரோஷம் 15ஆம் கிலோமீட்டரில் காணாமல் போயிருக்கும்.

செப்டம்பர் 14

எங்கள் குழுவும் டிசம்பர் 7 அன்று மறுபடி ஓடுகிறது. இன்று 9 கிலோமீட்டர். பெயர்கள் வேண்டாம், குழுவில் நாங்கள் கூப்பிடுகிறபடியே எழுதுகிறேன். கடிகாரம்: நிமிடத்துக்கு ஒரு தடவை மணிக்கட்டைப் பார்ப்பவன். மாப்பிள்ளை: எதற்கும் அவசரப்படாதவன். வக்கீல்: உண்மையில் வக்கீல் இல்லை, ஆனால் நீங்கள் மழை பெய்கிறது என்றால்கூட எதிர்வாதம் வரும். டீச்சர்: உண்மையிலேயே டீச்சர், எங்களில் மெதுவானவள். ஐந்தாவது நான்.

கடிகாரத்தின் கடிகாரம் போன வருடம் 21.4 கிலோமீட்டர் காட்டியது. தூரத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு மாதம் புலம்பினான். ஏமாற்று ஒன்றும் இல்லை. முறையாக அளக்கிற பாதையை, வளைவுகளில் எவ்வளவு உள்பக்கமாக ஓட முடியுமோ அந்தக் குறுக்குக் கோட்டில் அளக்கிறார்கள். சைக்கிள் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற எண்ணியைப் பொருத்தி, சுற்றுகளை எண்ணி அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நாம் தண்ணீர் மேசைக்கு இந்தப் பக்கம், நிழலுக்கு அந்தப் பக்கம் என்று ஓடுகிறோம். மிச்ச 300 மீட்டர் நம் கைவரிசை.

செப்டம்பர் 21

நிதி திரட்டுவது பற்றிக் கேட்டிருக்கிறாய். ஓடுவதைவிட அது கஷ்டம்.

போன வருடம் நாங்கள் செய்த முதல் தப்பு, நுழைவுக் கட்டணமே தர்மத்துக்குப் போகிறது என்று நினைத்தது. அந்தக் கட்டணம் பாதை, தண்ணீர், பதக்கம், ஆம்புலன்ஸ் என்று ஏற்பாட்டுச் செலவுக்கே போனது. தர்மத்துக்குப் போனது நாங்கள் தனியாகத் திரட்டியது மட்டும்தான். இதை நான் ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்புதான் தெரிந்துகொண்டேன், அதுவரை ஊரெல்லாம் பெருமை பேசியாகிவிட்டது. பெயர் கொடுக்கும்போதே எந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்டு வாங்கிவிடு.

இரண்டாவது தப்பு, 200 பேர் இருக்கும் குழுவில் ஒரே செய்தியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தது. கைகூப்பிய படங்கள் நாற்பது வந்தன. பணம் வந்தது ஒருவரிடமிருந்து, அதுவும் மாப்பிள்ளையின் மனைவி. பிறகு தனித்தனியாக, பெயர் சொல்லி, அவரவரிடம் பேசுகிற மாதிரி எழுதினேன். பாதிப் பேருக்கு மேல் கொடுத்தார்கள். முதல் தொகையை நாமே போட்டுவிட வேண்டும், வெறும் பாத்திரத்தில் முதல் ஆளாகப் போட யாருக்கும் மனம் வராது.

இன்னொன்று. நாங்கள் ஓடுவது காது கேட்காத குழந்தைகளுக்குக் கருவி வாங்கித் தருவதற்கு. "கேட்புக் கருவிக்கு உதவுங்கள்" என்று எழுதியபோது பெரிதாக ஒன்றும் அசையவில்லை. டீச்சர்தான் வேறு மாதிரி எழுதினாள்: கருவியைக் காதில் பிடித்து வைக்கும் அச்சு ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக வார்க்கப்படுகிறது, குழந்தை வளரும்போது காதும் வளர்கிறது, அச்சு லூசாகிக் கருவி கீச்சென்று கத்த ஆரம்பிக்கும், அப்போது புதிதாக வார்க்க வேண்டும், சின்னக் குழந்தைக்கு வருடத்தில் பல தடவை. அவள் வகுப்பில் ஒரு பையன் அந்தக் கீச்சுச் சத்தத்துக்காகவே கருவியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வானாம். அந்தச் செய்திக்குப் பதில் போடாத ஆளே இல்லை.

டெர்ரி ஃபாக்ஸ் கேட்டதும் அப்படி ஒரு சின்னத் தொகைதான். எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்த பையன், 1980இல் செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்காக ஓடத் தொடங்கினான். ஒவ்வொரு கனடியரும் ஒரு டாலர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். 143 நாளில் 5,373 கிலோமீட்டர், ஏறக்குறைய தினம் ஒரு மாரத்தான். புற்று நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டி வந்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் சேர்ந்த பணம் 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியது, அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் அவ்வளவுதான். அவன் அப்போது உயிரோடு இருந்தான், அதைப் பார்த்தான்.

அக்டோபர் 5

செப்டம்பர் 7 அன்று எழுதியதை இன்று திரும்பப் பெறுகிறேன். முழுதாக இல்லை, முக்கால்வாசி.

இன்று 12 கிலோமீட்டர். டீச்சரும் நானும் கடைசியில் ஓடிக்கொண்டிருந்தோம். போன வருட ஓட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 14ஆம் கிலோமீட்டரில் நான் "பார்க்கலாம், முடிவில் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டு வேகம் எடுத்ததாக எனக்கு ஞாபகம். அவள் கை காட்டிச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. இன்று அவள் சொன்னது: "நீ போனதும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாலை ஓரத்தில் உட்கார்ந்து நானே கட்டைவிரலைப் பிடித்து இழுத்துவிட்டேன். அதற்கப்புறம் ஏழு கிலோமீட்டரும் நடைதான். பின்னாலேயே, முடிக்க முடியாதவர்களை ஏற்றுகிற வண்டி உறுமிக்கொண்டே வந்தது."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "முடித்ததும் நீங்கள் நாலு பேரும் பதக்கத்தைக் கடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அங்கே வந்து கெண்டைக்கால் கதையா சொல்வது?"

"எல்லாரும் முடித்தோம்" என்று உனக்கு எவ்வளவு சுலபமாக எழுதினேன், பார்.

அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். நாலு பேர் சிரிக்கிறோம். அவள் வலது ஓரத்தில், ஒரு காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல் நிற்கிறாள். ஒரு வருடமாக அதை என் கண் பார்க்கவில்லை.

அக்டோபர் 6

உன் கட்சி ஜெயித்துவிட்டது என்று குதிக்க வேண்டாம். பொறு.

அக்டோபர் 19

குதித்திருந்தால் இறங்கிவிடு. இன்று ஐந்து பேரும் சேர்ந்தே, டீச்சரின் வேகத்தில், 14 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தோம். முதல் 5 பிக்னிக் மாதிரி இருந்தது. 8இல் கடிகாரம் முன்னால் போய்த் திரும்பி வந்து, முன்னால் போய்த் திரும்பி வந்து, நாய்க்குட்டி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தான். 11இல் முட்டி வலிக்கிறது என்றான். பழக்கமில்லாத குட்டை அடியில், தன் வேகத்தைவிட அரை மணி நேரம் கூடுதலாகக் காலில் நின்றால் வலிக்காமல் என்ன செய்யும்? மெதுவாக ஓடினால் சுலபம் என்று நினைப்பவர்கள் வேகமாக நடக்கிறவரோடு ஒரு குழந்தையைக் கைபிடித்து நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். இருவருக்கும் வலிக்கும்.

சேர்ந்து ஓடியதில் ஒரு நல்லது, வக்கீல் ஒரு மணி நேரம் ஒரே விஷயத்தை வாதாடினான்: 21 கிலோமீட்டர் என்று வைக்காமல் எதற்கு 21.0975? முழு மாரத்தானில் பாதி என்பதால். முழுசு ஏன் 42.195? 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பம் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே முடியும்படி பாதை போட்டார்கள். 26 மைல் 385 கெஜம் வந்தது. அதற்குப் பிறகும் ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் தூரம் மாறிக்கொண்டுதான் இருந்தது. 1921இல் இந்தத் தூரத்தையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். "ஆக, யாரோ ஒரு ராணி உட்கார்ந்த நாற்காலிக்காக நான் 97 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும்" என்றான் வக்கீல். அரை மீட்டரை விட்டுவிட்டாயே என்றான் கடிகாரம், முட்டியைத் தடவிக்கொண்டே.

நவம்பர் 2

16 கிலோமீட்டர். மாப்பிள்ளை ஒவ்வொரு நிறுத்தத்திலும் தண்ணீர் குடித்துக் குடித்து, கடைசியில் வயிறு குலுங்கக் குலுங்க, தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டான். நிறையக் குடிப்பது நல்லதுதானே என்கிறான். இல்லை. மெதுவாக, நீண்ட நேரம் ஓடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், குடிக்க நேரமும் அதிகம் என்பதால். அளவுக்கு மேல் தண்ணீர் போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்கு சோடியம் குறைந்திருந்தது. தாகம் எடுத்தால் குடி, மேசை வந்துவிட்டதே என்பதற்காகக் குடிக்காதே.

வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் உங்கள் குழுவில் யாருக்காவது இருந்தால் நிறுத்தச் சொல். ஐபுபுரோஃபென் வகை மாத்திரை, வியர்த்து நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

நவம்பர் 16

18 கிலோமீட்டர். இதுதான் உச்சம், இனி குறைப்பதுதான். தொடை உரசும் இடம், அக்குள், செருப்பு கடிக்கிற மாதிரி ஷூ கடிக்கும் இடம் எல்லாவற்றுக்கும் வாஸ்லின். ஆண்கள் மார்பில் பிளாஸ்திரி. வக்கீல் இதற்கும் எதிர்வாதம் செய்தான். திரும்பி வரும்போது வெள்ளைச் சட்டையில் இரண்டு சிவப்புக் கோடுகள். அதற்கப்புறம் வாதம் இல்லை. ஓட்டத்தன்று புது சாக்ஸ், புது ஷூ, ஓடும்போது சாப்பிடுகிற ஜெல்லில் புதுசு எதுவும் கூடாது.

சரி, ஒப்பந்தம் முடிவாகிவிட்டது. முதல் 3 கிலோமீட்டர் ஐந்து பேரும் டீச்சர் வேகத்தில். எப்படியும் எல்லாரும் தொடக்கத்தில் தலைதெறிக்க ஓடிப் பிறகு அவதிப்படுகிறவர்கள்தான், இது அதற்கும் கடிவாளம். அப்புறம் மற்ற மூவரும் போகலாம். நான் டீச்சரோடு. நானாக விட்டுப் போகக் கூடாது. அவள் "போ" என்று சொன்னால் மட்டும் போகலாம், சொன்னால் போயே ஆக வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. கடைசி விதி டீச்சர் போட்டது. எனக்கு அது இன்னும் புரியவில்லை.

டிசம்பர் 6

நாளை. பிப்பை, அதாவது ஓடுகிறவரின் எண் அச்சிட்ட தாளை, சட்டையில் குத்திக்கொண்டிருக்கிறேன். நாலு மூலைக்கு நாலு ஊசி, நேராகவே வரவில்லை. சட்டையைக் கட்டிலில் விரித்துக் குத்தினால் போட்ட பிறகு இழுக்கிறது, போட்டுக்கொண்டு குத்தினால் தோலில் குத்துகிறது. பிப்புக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பட்டைதான் நேரம் பதியும் சிப். மடிக்காதீர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 7

முடித்தோம். ஐந்து பேரும். இந்தத் தடவை இந்த வாக்கியத்தை விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். படுக்கப் போகிறேன்.

டிசம்பர் 8

மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன். நாளைக்கு இன்னும் மோசமாக இருக்கும், தசை வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும்.

3ஆம் கிலோமீட்டரில் மூவரும் போனார்கள். கடிகாரம் கட்டவிழ்த்த கன்று மாதிரி பாய்ந்தான். நானும் டீச்சரும் 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. 7ஆம் கிலோமீட்டர் பலகையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மணி நேரம் ஆகிச் சில நிமிடம். "இந்நேரம் லெட்டசென்பெட் கிடே முழுசும் முடித்துவிட்டு ஷூவைக் கழற்றியிருப்பார்" என்றாள் டீச்சர். எத்தியோப்பிய ஓட்டக்காரி அவர், 2021இல் வலென்சியா அரை மாரத்தானை ஓடியது 1 மணி 2 நிமிடம் 52 விநாடியில். ஓடுகிறபோது இதெல்லாம் எப்படி உனக்கு ஞாபகம் வருகிறது என்றேன். வேறு எதையும் நினைக்காமல் இருக்கத்தான் என்றாள்.

14 வந்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். தண்ணீர் வேண்டுமா, கால் எப்படி இருக்கிறது, நடக்கலாமா, இன்னும் ஏழுதான், தோளைத் தளர்த்து. ஒன்றுக்கும் பதில் இல்லை. 16இல் "பேசாமல் ஓடு" என்றாள். பேசாமல் ஓடினேன், ஆனால் திரும்பித் திரும்பி முகத்தைப் பார்த்தேன் போலிருக்கிறது. 18 பலகையில் "போ" என்றாள்.

ஏன் என்று வாய்வரை வந்தது. விதி நினைவுக்கு வந்தது. போனேன். மிச்சம் 3 கிலோமீட்டரை என் வேகத்தில் ஓடி 2 மணி 55 நிமிடத்தில் முடித்தேன். ஓடிய ஒவ்வொரு நிமிடமும் போன வருடம் செய்ததையே மறுபடி செய்கிறேன் என்ற எண்ணம்தான்.

எல்லைக்கோட்டுக்கு 100 மீட்டர் முன்பு, ஓரத் தடுப்புக்கு வெளியே நாலு பேரும் நின்றோம். 3 மணி 2 நிமிடத்தில் வந்தாள். போன வருடத்தைவிட 9 நிமிடம் குறைவு. கண் சிவந்திருந்தது. கைதட்டினோம், அவள் எங்களைப் பார்க்கவில்லை, கோட்டையே பார்த்துக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் போனில் சொன்னாள்: "துணை வேண்டியிருந்தது, நிஜம்தான். 18 கிலோமீட்டருக்குப் போதுமான அளவு கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் எனக்கு அழ வேண்டும் போல இருந்தது. நீ பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி அழுவது?"

நீயும் நானும் மூன்று மாதமாக வேகமாக ஓடுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்.

டிசம்பர் 9

முடிவுகள் வந்துவிட்டன. கடிகாரத்துக்கு நேரமே இல்லை. பிப் பெரிதாக இருக்கிறது, காற்றில் படபடக்கிறது என்று பின்னால் மடித்துக் குத்தியிருக்கிறான். சிப் மடிந்து, நேரம் பதியப் பாதையில் விரித்திருந்த ஒரு பாயிலும் பதியவில்லை. ஏற்பாட்டாளருக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டான். மணிக்கட்டைப் படமெடுத்துச் சாட்சியாக இணைத்திருக்கிறானாம். வக்கீல் அவனுக்காக ஆஜராகத் தயார் என்கிறான்.

டிசம்பர் 13

பணம் இலக்கைத் தாண்டியது நேற்றுத்தான். ஓட்டம் முடிந்த பிறகு வந்தது மட்டும் மொத்தத்தில் கால்பங்கு இருக்கும், பக்கத்தைச் சீக்கிரம் மூடிவிடாதே. டீச்சர் எல்லைக்கோட்டைத் தாண்டும் படத்தைப் போட்டு, அவள் நேரத்தையும் கூடவே எழுதி நன்றி சொன்னோம், அதற்குப் பிறகுதான் மளமளவென்று வந்தது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டோம்.

உன் ஓட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம். அந்தப் பெண்ணிடம் கேட்டாயா?

டிசம்பர் 14, பதில்

கேட்டேன் அக்கா. தனியாக ஓட வேண்டுமாம், பாட்டு கேட்டுக்கொண்டே. என் கட்சியில் இப்போது நான் மட்டும்தான்.

டிசம்பர் 14

ஒரு காதில் மட்டும் மாட்டச் சொல். பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் கேட்க வேண்டும்.